அண்ணி வரைந்த அடிவாரம்

அண்ணிக்கும் எனக்கும் ஒரே அலுவலகம். அவளுக்குக் கீழ்த்தளம், எனக்கு மேல்தளம். கீழே இருந்தது மண் அளவைப் பிரிவு. வாசலில் சேறு அப்பிய பூட்ஸுகள், அலமாரி முழுக்கக் கண்ணாடிச் சீசாக்களில் மண், எந்நேரமும் ஒரு ஈர வாடை. மேலே எங்கள் பிரிவு. கம்ப்யூட்டர், ஏ.சி., காலணியை வெளியே விடவும் என்று கதவில் ஓர் அட்டை. விமானத்திலிருந்து அளந்த நில உயரங்கள் கட்டம் கட்டமாக எங்களுக்கு வரும். சரிவு எவ்வளவு, நிலம் எங்கே குழிகிறது, எங்கே புடைக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தங்கும் என்று அவற்றிலிருந்து கணக்குப் போட்டுப் படமாக்குவது என் வேலை.

என் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவள் அங்கே வேலையில் இருந்தாள். பிறகு வந்தவள் நான். ஆகவே வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, கை ஓங்கியிருந்தது அவளுக்குத்தான். ஆபீசில் அவளுக்கு 'மண்வெட்டி' என்று பட்டப்பெயர். வேலையை வைத்துப் பாதி, பேச்சை வைத்துப் பாதி. அவளுக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

என் வேலையை அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

"மாடியில உக்காந்து மேடு பள்ளம் பாத்தா மண்ணு தெரிஞ்சிடுமா? ஆளோட உயரத்தைக் கேட்டுட்டு ரத்தம் என்ன வகைன்னு சொல்ற மாதிரி இருக்கு உன் கதை."

"உயரம் மட்டும் இல்ல அண்ணி. தண்ணி போற வழியும் அதுல தெரியும். மண்ணை அரிச்சதும் அதான், கொண்டுவந்து சேத்ததும் அதான்னு நீங்கதானே சொல்வீங்க."

"சொன்னேன். அதுக்கு நடக்கணும்மா. கால் வலிக்காம மண்ணு தெரியாது."

அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வாய் ஒரு காலையில் நின்றுபோனது. சாப்பிட உட்கார்ந்தவளின் வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அண்ணனைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள், அதுவும் முடியவில்லை. அவன் யோசிக்காமல் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினான். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார் டாக்டர். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கோல் ஊன்றி நடந்தாள். வலது கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை.

"காது கேக்குது. நீங்க சொல்றது புரியுது. மனசுல நினைக்கிறதும் சரியாத்தான் இருக்கு," என்று டாக்டர் விளக்கினார். "நினைச்சதுக்குப் பொருத்தமான வார்த்தை கிடைக்கிறதில்ல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எங்களுக்கு அவ்வளவாக இல்லை. அண்ணியிடம் மிச்சமிருந்தது 'ம்', 'அட', பிறகு 'அடுத்த வாரம்'. எங்கிருந்தோ வந்து நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல். தண்ணீர் வேண்டுமா என்றால் அடுத்த வாரம். வலிக்கிறதா என்றால் அடுத்த வாரம். தான் சொல்வது தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்து, கண்ணை இறுக மூடி, இன்னொரு முறை முயன்று, மறுபடியும் அதையே சொல்வாள். நல்லவேளை, 'விவாகரத்து'ன்னு ஏதாவது ஒட்டிக்காம போச்சே என்று அண்ணன் சிரிக்கப் பார்ப்பான். பிறகு சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான்.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

கடல் ஏறிவந்து விழுங்கிவிட்ட கரையோரக் கிராமம் ஒன்றின் குடும்பங்களுக்கு மலையடிவாரத்தில் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். வீடு, பள்ளிக்கூடம், பயிர் வைக்க இடம், எல்லாம் அங்கேதான். முன்பு ஒரு தடவை இதேபோல் வேறொரு இடத்தில் மண்ணைப் பார்க்காமல் கட்டிக் கொடுத்ததில், அடுத்த மழைக்கே சுவர்கள் வாயைப் பிளந்துகொண்டன. அடியில் இருந்தது ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும் கருங்களி. அந்தச் சூடு பட்டதால், இந்த முறை மண் வரைபடம் வந்த பிறகே மனை பிரிக்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. அந்த வேலை அண்ணியிடம் இருந்தது. பாதிக்கு மேல் நடந்து முடித்திருந்தாள். சில இடங்களில் குழி வெட்டியும் பார்த்திருந்தாள். முழுசாக நடந்து முடிக்காமல் தாளில் கோடு போடுவது அவளுக்குப் பிடிக்காது. ஆகவே தாளில் ஒன்றும் இல்லை.

"மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் போடணுங்கறாங்க. அந்தக் குடும்பங்க இன்னும் கொட்டகையில கிடக்கு," என்றார் இயக்குநர். "உங்ககிட்ட உயரத் தரவு இருக்கே, அதை வெச்சு மண் படம் வருமா?"

"படம் வரும் சார். அது மண் படமான்னு எனக்கே தெரியாது."

பொய்யில்லை. கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் ஒரே மாதிரி சரிவு, ஒரே மாதிரி ஈரம் உள்ள இடங்களைச் சேர்த்து வண்ணம் தீட்டிக் கொடுக்கும். கொடுத்தது. ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி அழகாக இருந்தது. பச்சை என்ன மண், மஞ்சள் என்ன மண் என்று கேட்டால் அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அண்ணி வெட்டிய குழிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் ஒரு மலையடிவாரத்தை நிரப்ப முடியாது.

வேலையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலங்களில் அண்ணியோடு யாராவது இருக்க வேண்டியிருந்தது. பேச்சுப் பயிற்சி தர வரும் பெண், அவளுக்குப் பிடித்ததைக் காட்டிப் பேசுங்கள் என்று சொல்லியிருந்தாள். அண்ணன் குடும்ப ஆல்பத்தை எடுத்துவைத்துப் பார்த்தான்.

"கல்யாண ஃபோட்டோவைக் காட்டினேன். மூஞ்சியைத் திருப்பிட்டா," என்றான் என்னிடம். "ஞாபக சக்தியெல்லாம் பிரமாதமா இருக்கு."

நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு பக்கமிருந்து வெயில் அடித்தால் மலைக்கு எப்படி நிழல் விழுமோ, அப்படி நிழல் போட்ட படம். வீடு, மரம், சாலை எதுவும் இல்லாமல் நிலம் மட்டும் உடம்பைக் காட்டிக்கொண்டு கிடக்கும். கோல் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்து, மெதுவாக வளைத்து வளைத்து ஒரு கோடு இழுத்தாள்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரிவைக் காட்டும் படத்தை மேலே கொண்டுவந்தேன். மலையின் செங்குத்து முடிந்து அடிவாரத்தின் சாய்வு தொடங்கும் இடம், அவள் விரல் போன அதே வழியில், மெல்லிய பட்டையாக ஓடியது.

"அண்ணி," என்றேன். மேலே பேச வரவில்லை எனக்கும்.

அவள் கோட்டுக்கு மேலே விரலை வைத்து ஏதோ சொன்னாள். கீழே வைத்து வேறேதோ சொன்னாள். இரண்டும் அடுத்த வாரம்தான். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் கோபித்துக்கொண்டு போனது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதுவரை அவள் அழுதுதான் பார்த்திருந்தோம்.

மறுநாள் கீழ்த்தள அலமாரியிலிருந்து சீசாக்களை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அடிவாரத்திலிருந்து அவள் எடுத்துவந்த மண் ஒவ்வொன்றும் ஒரு சீசா. நிழல் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மேஜை முழுக்க விரித்தேன். அண்ணன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எங்க சாப்பிடறது என்று கேட்டான். அண்ணி கோலால் பால்கனியைக் காட்டினாள்.

சீசாக்களை அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த சீசாவை எடுத்து, அடிவாரத்தின் மேல்படி போன்ற திட்டில் வைத்தாள். பழுப்பு மண்ணைச் சாய்வில் வைத்தாள். கருங்களி இருந்த சீசாவைத் தாழ்வான குழிவில் வைத்து, அதைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாள். நெடுநாள் கழித்து வீடு திரும்பியவர்கள் சாமான்களை எடுத்து இடத்தில் வைக்கிற மாதிரி இருந்தது.

எங்கே எது என்று தெரிந்துவிட்டது. எது வரைக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. கம்ப்யூட்டருக்கு அதை எண்ணாகச் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு வழி செய்தேன். சரிவின் அளவைத் திரையில் ஒரு குமிழால் ஏற்றி இறக்கும்படி அமைத்தேன். குமிழை நகர்த்தினால் அந்த அளவுக்குள் வரும் இடமெல்லாம் நிறம் மாறும். தேங்கும் தண்ணீர் போல நிறம் பரவிக்கொண்டே போகும். அண்ணியின் இடது கை மேஜை மேல் இருக்கும். பரவ வேண்டிய இடம் வரை பரவியதும் பட்டென்று ஓர் அடி. தாண்டிவிட்டால் இரண்டு அடி, கூடவே என்னை ஒரு முறைப்பு. அந்த அடியைத்தான் நான் எண்ணாக எழுதிக்கொண்டேன். சரிவு இவ்வளவுக்குக் கீழே, நிலம் உட்குழிவு, மேலிருந்து வரும் தண்ணீர் இவ்வளவுக்கு மேலே என்றால் கருங்களி. இப்படி ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு விதி. ஓரிடத்தில் சட்டென்று முடியாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரையும் எல்லைகளும் இருந்தன. அங்கே அவள் அடிக்க மாட்டாள். உள்ளங்கையை அப்படியும் இப்படியும் ஆட்டுவாள். அதையும் கணக்கில் சேர்த்தேன்.

பயிற்சி தரும் பெண் ஒருநாள் இதை நின்று பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லவா? அவங்க தேடும்போது நீங்க வார்த்தையை எடுத்துக் குடுக்குறீங்க. குடுத்தா தேடுறதை விட்டுடுவாங்க. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

அண்ணி தலையைப் பலமாக ஆட்டினாள். இத்தனை வருஷமாக அவள் எனக்குச் சொல்ல நினைத்ததை யாரோ ஒருத்தி சொல்லிவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

வேலை ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்று உறுத்தியது. தாளின் வலது ஓரத்தில் ஒரு சீசாகூட இல்லை. அங்கேயும் அவள் நடந்திருந்தாள், குழி வெட்டியிருந்தாள். தாளைப் பிடித்து அரைவட்டம் திருப்பினேன். வலது இடதாக வந்தது. அண்ணி திடுக்கிட்டு, "அட," என்றாள். புதிதாக ஒரு நிலம் முளைத்த மாதிரி பார்த்துவிட்டு அவசரமாகச் சீசாக்களை வைத்தாள். பார்வையிலும் ஒரு பகுதி போயிருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள்தான் பேச்சையே பார்த்துக்கொண்டு அதை மறந்துவிட்டோம்.

அவள் சரிசெய்துவிட்டாள். ஆனால் எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. இன்னும் என்னென்ன அவள் கண்ணிலிருந்து விழுந்திருக்கும்? இல்லாததை இருப்பதாகக் காட்டியிருந்தால்?

குறிப்பாக ஓரிடம். சாலையோரச் சமவெளியின் நடுவில், நாக்கை நீட்டிய மாதிரி ஒரு நீளத் துண்டில் கருங்களிச் சீசாவை வைத்திருந்தாள். சரிவுப் படம், ஈரப் படம், எதிலும் அந்த நாக்குக்கு ஆதாரம் இல்லை. சுற்றியிருக்கும் நிலத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. சீசாவை நகர்த்திப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டு மறுபடி அங்கேயே வைத்தாள். அந்தச் சமவெளியில்தான் வீடு கட்டுவதாக இருந்தது.

மனை பிரிக்கும் இன்ஜினியர் கூட்டத்தில் நேராக அதைத்தான் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். அந்தக் கொட்டகைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அதனால் அவசரம்.

"சமதரை, பக்கத்துல ரோடு, பைப்லைன். இதை விட நல்ல இடம் கிடையாது. நடுவுல இந்தக் கருப்பு எப்படி வந்துச்சு? உங்க தரவுல ஒண்ணும் இல்லையே."

"அண்ணி வெச்சது."

"அவங்க இப்ப..." என்று தொடங்கி, மேலே சொல்லாமல் தண்ணீர் குடித்தார்.

இயக்குநர் இரண்டு பேரையும் பார்த்தார். "போய்த் துளைச்சுப் பாத்துடுங்க. இல்லேன்னு வந்தா கட்ட ஆரம்பிச்சுடலாம்."

கிளம்புவதற்கு முன் நான் என் தரவை ஆதியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அண்ணியைச் சந்தேகப்பட்ட மாதிரி என்னையும் ஒருமுறை சந்தேகப்பட்டுவிடலாம் என்று தோன்றியது. விமானத்திலிருந்து வரும் உயரங்களில் புதரும் குப்பையும் சேர்ந்து சிலிர்த்துக்கொண்டிருக்கும் என்பதால், முதல் வேலையாக அதை வழித்துச் சமமாக்குவது எங்கள் வழக்கம். வழிக்காத தரவைத் திறந்தேன். சமவெளியின் குறுக்கே, ஒரு முழங்கூட ஆழம் இல்லாத, பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு தாழ்வு ஓடியது. நாக்கு மாதிரியே. என்றோ ஒரு ஓடை ஓடி, தூர்ந்து, மேலே மண் மூடிய தடம். அண்ணி வைத்த சீசாவுக்குக் கீழே அச்சுக் குத்தினாற்போல் இருந்தது. நான்தான் இஸ்திரி போட்ட மாதிரி அதைத் தேய்த்து வைத்திருந்தேன்.

ஆனால் அது அண்ணி காட்டிய இடத்தோடு நிற்கவில்லை. அவள் சாலையோடு நிறுத்தியிருந்தாள். தடம் சாலையைத் தாண்டி மறுபுறம் போனது. மறுபுறம் பள்ளிக்கூடத்துக்கான இடம்.

ஓடிப்போய் அண்ணிக்குக் காட்டினேன். சாலைக்கு இந்தப் பக்கத்துத் தடத்தைப் பார்த்ததும், நான் இப்போதுதான் கண் திறந்திருக்கிறேன் என்பது மாதிரி தலையை ஆட்டினாள். மறுபுறத்தைக் காட்டினேன். கையை வீசி இல்லை என்றாள்.

"இருக்கு அண்ணி. தெளிவா இருக்கு, பாருங்க."

"அடுத்த வாரம்."

"அடுத்த வாரமும் இருக்கும். ஓடை என்ன, ரோட்டைப் பாத்துட்டு நின்னுடுமா? ரோடு நேத்து வந்தது."

கோல் தரையில் டக்கென்று விழுந்தது. அவள் பழுப்பு மண் சீசாவை எடுத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் வைத்தாள். நான் எடுத்தேன். அவள் வைத்தாள். சமையலறை வாசலில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏன் சிரிக்கிற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு எத்தனை நாளாச்சு. போடுங்க."

அண்ணியையும் அழைத்துக்கொண்டுதான் போனோம். டாக்டர் சரி என்றார். ஜீப்பின் முன்சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். இன்ஜினியர் வந்தார். மண்ணைத் திருகித் துளைத்தெடுக்கும் ஆகரைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்து உதவியாளர் வந்தார். அண்ணியோடு வருஷக்கணக்கில் நடந்தவர். அவள் சீட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சமவெளியில் இறங்கி முதல் இடத்தில் ஆகரை நட்டுத் திருகினார். மேலே வந்தது பழுப்பு மண். உதிரியாக, நல்லதாக. இரண்டாவது முறையும் அதே.

இன்ஜினியர் ஒரு பிடி எடுத்து உதிர்த்துக் காட்டினார். "பாருங்க, சரிவுல இருக்கிற அதே மண்ணு. எங்க தோண்டினாலும் இதான் வரும். இதுல நாக்கும் இல்ல, மூக்கும் இல்ல."

"மண்ணாங்கட்டி," என்றாள் அண்ணி.

எல்லோரும் அப்படியே நின்றோம். உதவியாளர் ஆகரின் கைப்பிடியை விடாமல் அவளையே பார்த்தார். இன்ஜினியருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணியோ எங்கள் எல்லோரையும்விடத் திகைத்துப்போயிருந்தாள். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று சோதிப்பதுபோல் உதட்டை அசைத்துப் பார்த்தாள். பிறகு ஆகரைக் காட்டி, இன்னும் கீழே என்று கையை இறக்கினாள்.

இன்னும் திருகினார். திருக்கு கனமாகியது. தூக்கும்போது முனகினார். ஆகரின் முனையில் கரேலென்று, வெயிலில் மினுங்கிக்கொண்டு, விட்டேனா பார் என்று ஒட்டியிருந்தது களி.

இன்ஜினியர் அதைத் தொட்டார். விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "அவங்க என்னைத் திட்டினாங்களா, மண்ணைச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் சார்."

அண்ணி சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். இன்ஜினியரும் சிரித்தார். திட்டு வாங்கியதைப் பற்றி அப்புறம் ஆபீசில் எல்லோரிடமும் அவரே சொல்லித் திரிந்தார்.

அடுத்து சாலைக்கு மறுபுறம். அண்ணி ஜீப்பிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றாள். தேவையில்லாத வேலை என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் காட்டிய இடத்தில் உதவியாளர் திருகினார். பழுப்பு. மறுபடி பழுப்பு. ஜீப்பிலிருந்து ஒரு 'ம்' கேட்டது. என்ன அர்த்தத்தில் என்று விளக்கத் தேவையில்லை. இன்னும் ஒரு முறை என்றேன்.

திருக்கு கனமாகியது.

நான் கூப்பிடவில்லை. அவளே இறங்கி, கோல் ஊன்றி வந்தாள். ஆகரின் முனையிலிருந்து ஒரு கட்டியைப் பிய்த்தாள். உதவியாளர் கேட்காமலே பாட்டிலிலிருந்து நீர் விட்டார். இடது கையாலேயே பிசைந்து, கட்டைவிரலால் நீளமாக இழுத்தாள். அறுந்துபோகாமல் நாடா மாதிரி வந்துகொண்டே இருந்தது. சாலையைப் பார்த்தாள். சாலைக்காக மண் கொட்டி உயர்த்திய கரை தடத்தைக் குறுக்கே மூடியிருந்தது. அதற்கப்பால் வெட்டிப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்திருக்கவில்லை. கரையோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். மேலே மலையைப் பார்த்தாள், கீழே பார்த்தாள். ஓடை வந்த வழி முழுவதையும் இப்போது அவள் கண்ணால் நடந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

பிறகு என் பக்கம் திரும்பி, அந்தச் சேற்றுக் கையாலேயே என் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. கழுவுவதற்கு மனமில்லாமல் திரும்பும்வரை அப்படியே இருந்தேன். உதவியாளர் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாலைக்குள் இன்னும் பல இடங்களில் துளைத்தோம். ஓரிடத்தில் ஆழமான பழுப்பு மண் என்று அண்ணியும் சொன்னாள், படமும் சொன்னது. ஆகர் ஒரு சாண் இறங்கியதும் ணங்கென்று பாறையில் இடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அசடு வழிந்தோம். அந்த இடத்துக்கு இன்னும் விதி எங்களிடம் இல்லை.

படம் போனது. வீடுகள் சாலையோரத்தை விட்டு மேலே, சரளை கலந்த செம்மண் திட்டுக்கு ஏறின. பள்ளிக்கூடமும் கூடவே ஏறியது. பைப்லைனை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமே என்று இயக்குநர் இழுத்தபோது, இன்ஜினியரே எழுந்து ஒரு பிடி பிடித்தார். மழைக்கு முன் அஸ்திவாரம் போட்டாயிற்று. கருங்களி இருந்த சமவெளி முழுக்கப் பயிருக்கு விட்டார்கள். தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் மண். வீட்டுக்கு ஆகாது, வேருக்கு ஆகும்.

அண்ணி மெதுவாக வேலைக்குத் திரும்பினாள், அரை நாள் அரை நாளாக. பேச்சு வந்த விதம் விசித்திரமாக இருந்தது. திட்டுகள் முதலில் வந்தன. அதில் அண்ணனுக்குப் பெரிய பங்கு. அப்புறம் கையில் மண்ணை வைத்துக்கொண்டால் சில சொற்கள் வந்தன. களி. சரளை. ஈரம். பயிற்சிப் பெண் இதைக் கவனித்து, சீசாக்களைத் திறந்துவைத்தே பாடம் நடத்தினாள். மண் இல்லாமல் கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவாள். சில சொற்கள் திரும்பி வராமலே போகலாம் என்று டாக்டர் எங்களிடம் மறைக்காமல் சொன்னார். அவளிடமும் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த பிறகு, நாங்கள் இரண்டு பேரும் அந்தத் திட்டுக்குப் போனோம். பாறையில் இடித்த இடத்தைச் சுற்றிப் பார்த்து, அதற்கொரு விதி கிடைக்கிறதா என்று தேடும் சாக்கு. வீடுகளில் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். நான் சுவர் மூலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு விரிசல்கூட இல்லை.

ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் மரக்கன்றுகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். மணலைத் தவிர எதிலும் ஒன்றும் நட்டுப் பார்த்ததில்லை என்றாள். எங்களைப் பார்த்ததும், ஆபீஸ்காரங்களா என்று கேட்டாள்.

"இதை இப்படியே வாசல்ல வெக்கலாமாக்கா?" என்றாள் அண்ணியிடம்.

அண்ணி வாசலைப் பார்த்தாள். செருப்பின் நுனியால் சரளையைக் கிளறினாள். உதடு அசைந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது, கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"இங்க... கல்லு," என்றாள் அண்ணி. "வேர்... போகாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் நிலம் மெதுவாக இறங்கும் இடத்தைக் கோலால் காட்டினாள். "அங்க. அங்க வை. ஆழம்."

"எவ்வளவு ஆழம்க்கா?"

அண்ணி தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் அதை நம்பாதவள்போல் சிரித்துவிட்டு, இரண்டு கன்றுகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தாள். அண்ணியும் கோல் ஊன்றி அவள் பின்னாலேயே போனாள், குழி சரியாக வெட்டுகிறாளா என்று பார்க்க. மீதிக் கன்றுகளை நான் எடுத்துக்கொண்டேன்.